குறை நீக்கிய மேசைக் கணினி

கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் ஒரு கணினி அறையும் இருந்தது. அறையைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. நாலு பக்கமும் சுவர், பெரிய கதவு, கதவில் திண்டுக்கல் பூட்டு, பூட்டுக்கு மேலே ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று ஒரு பலகை. உள்ளே நான்கு மேசைக் கணினிகள் பூப்போட்ட உறைகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான்கும் எப்போதோ செத்துப்போனவை. ஒன்றுக்குள் எலி குட்டி போட்டது. ஒன்று ஐப்பசி மாதத்து இடியில் போனது. மற்ற இரண்டும் எப்படிப் போயின என்று யாருக்கும் தெரியாது. யாரையும் தொட விட்டதில்லை என்பதால் யாரையும் கேட்கவும் வழியில்லை. ஆனாலும் செருப்போடு உள்ளே போக முடியாது. அப்படி ஒரு மரியாதை!

அந்தப் பள்ளியில் மெர்லின் கணினி ஆசிரியை. தற்காலிகம். சங்கராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மலைமேல் வந்து சேருவாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளுடைய வேலையை நீட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வருஷம் வேலை. போடுகிறவர் கீழே கள்ளக்குறிச்சியில், மலைப் பள்ளிகளையும் அடிவாரத்துப் பள்ளிகளையும் பார்த்துக்கொள்ளும் மலைக் கல்வி முன்னேற்ற அலுவலகத்தில் இருந்தார்.

மெர்லின் கரும்பலகையில் கணினியை வரைந்து கணினி நடத்தினாள். விசைப்பலகையைச் சாக்பீஸால் வரைவாள், பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொள்வார்கள். படம் நன்றாகத்தான் வரைந்தார்கள். சிக்கல் என்னவென்றால், பன்னிரண்டாம் வகுப்புக்கு மாசி மாதம் செய்முறைத் தேர்வு. முப்பது மதிப்பெண். வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், அவர் கண் முன்னால் கணினியில் செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முட்டை. முட்டை வாங்கினால் பாடமே போச்சு.

வகுப்பில் பாரதி என்று ஒரு பெண். அவள் அப்பாவுக்கு மரவள்ளிக் காடு. கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போய் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு ஒரே பிடிவாதம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

“மிஸ், எக்ஸாம் அன்னிக்கிதான் மொத மொதல்ல கை வெப்பனா மிஸ்? அதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உயிரோட இருக்கறத காட்ட மாட்டீங்களா?”

மெர்லின் அன்றைக்கே உட்கார்ந்து அலுவலகத்துக்கு மனு எழுதினாள். ஓடுகிற மேசைக் கணினி நான்கு வேண்டும், மாசிக்குள் வேண்டும். அவ்வளவுதான் மனு. இதில் வம்பு வர என்ன இருக்கிறது என்று நினைத்தாள் பாவம்.

மனுவுக்குப் பதிலாக அவளையே வரச் சொன்னார்கள். அலுவலகத்தின் தலைமை அதிகாரி அரங்கநாதன். அவருடைய மேசையில் புத்தம் புதிய கணினி ஒன்று இருந்தது. கம்பெனியில் சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. தாளின் மேலேயே சந்தனம் தடவி, குங்குமம் வைத்திருந்தார்கள். கணினிக்குப் பின்னாலிருந்து அரங்கநாதனின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

“வாம்மா. நாலு கம்ப்யூட்டர் கேட்டுக்கினு இருக்கியாமே?”

“ஆமாங்க சார். இருக்கற நாலும் செத்துடுச்சிங்க. மாசியில பிராக்டிகல் வருதுங்க.”

“இதோ பாரும்மா.” அவர் பிளாஸ்டிக் தாளைச் செல்லமாகத் தட்டினார். “இது வந்து மூணு வருஷம் ஆவுது. ஒரு கோளாறு உண்டா? ஒரு கீறல் உண்டா? ஏன் தெரியுமா? நான் இதுல கை வெக்கறதே இல்ல. பொருளக் காப்பாத்தறதுன்னா இப்படித்தான். உங்க பசங்க கை வெச்சிருப்பாங்க.”

“இல்லைங்க சார். பூட்டியேதாங்க இருந்துச்சி. யாரும் தொடலைங்க.”

அரங்கநாதன் கொஞ்சம் யோசித்தார். “அப்ப பாத்திருப்பாங்க” என்றார்.

மெர்லினுக்கு ஜூன் மாதக் கையெழுத்து ஞாபகம் வந்தது.

“சரி, பிள்ளைங்களுக்கு வேணும்னு கேக்கற. வாங்கலாம். ஆனா சும்மா வாங்கிட முடியுமா? மேசைக் கணினில நிறையும் இருக்குது, குறையும் இருக்குது. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து ஒரு முடிவுக்கு வந்தாத்தான் மேற்கொண்டு நகர முடியும்.”

மெர்லினுக்கு உயிர் வந்தது. இதுதானே அவளுக்குத் தெரிந்த வேலை! “நானே எழுதித் தரேங்க சார். டெஸ்க்டாப், லேப்டாப் ரெண்டையும் வெச்சி, மலையில கரண்ட் கம்மி, அதுக்கு எது தோது, ரிப்பேருக்கு எது செலவு கம்மின்னு நாளைக்கே…”

“எழுதினா யாரும்மா படிக்கறது? பேசணும். நாலு பேரு முன்னாடி பேசி முடிவு பண்ணணும்.”

இந்த இடத்தில் அரங்கநாதனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் பட்டிமன்றப் பேச்சாளர். திருக்கோவிலூர்ப் பக்கம், எலவனாசூர்கோட்டைப் பக்கம் எந்தக் கோவிலில் திருவிழா என்றாலும் போய் மேடையேறி கைதட்டு வாங்கியவர். அதிகாரியான பிறகு மேடை போய்விட்டதே என்று ஏங்கி, கடைசியில் அலுவலகத்தையே மேடையாக்கிவிட்டார். அங்கே எந்த முடிவானாலும் பட்டிமன்றம் வைத்துத்தான் எடுப்பார்கள். நடுவர், அவரேதான். மலை விடுதியில் தண்ணீர் இல்லை என்று பிள்ளைகள் மனு கொடுத்தபோது, ‘விடுதிக்குப் பெரிதும் தேவை கிணறா, ஆழ்குழாயா?’ என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். இரண்டும் அல்ல, தேவை தண்ணீரே என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள், கோப்பை மூடினார்கள். பிள்ளைகள் இன்றைக்கும் ஓடையிலிருந்து குடம் சுமக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். பஸ் நிலையத்திலிருந்து மண்டபம் வரை பேனர். ‘மேசைக் கணினியில் விஞ்சி நிற்பது நிறையே! குறையே!’ பேனரில் அரங்கநாதன் கைகட்டி நின்றார். கணினியின் படம் இடமில்லாமல் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் சின்னதாக இருந்தது. அலுவலக ஊழியர்கள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. அன்றைக்கு மனுவோடு வந்தவர்களைக்கூட, உள்ளே உட்கார்ந்து கேளுங்கள், கூட்டம் தெரியட்டும் என்று மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிறை அணிக்குக் கண்காணிப்பாளர் கந்தசாமி. ஓய்வு பெறப் போகிறவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“நடுவர் அவர்களே! மேசைக் கணினியின் முதல் நிறை எது? அது மேசையை விட்டு நகராது! மடிக்கணினி வாங்கினவன் கதி இன்னா ஆச்சி? சாயங்காலம் பையில போட்டுக்கினு வூட்டுக்குப் போறான். பின்னாடியே வேலையும் போவுது. சோத்துத் தட்டு முன்னாடி வேலை! மேசைக் கணினி அப்படியா? சாயங்காலம் ஆனா, போய்ட்டு வாடா ராசான்னு நம்மள அனுப்பி வெக்குது. அந்த மனசு வேற யாருக்கு வரும்?”

கைதட்டல்.

“ரெண்டாவது, கரண்ட் போனா அதுவும் நின்னுடும். மடிக்கணினி நிக்காது, பேட்டரில ஓடிக்கினே இருக்கும். கரண்ட் இல்லை, நாளைக்கு வாங்கன்னு எந்த மொகத்த வெச்சிக்கினு நாம சொல்றது? ஜனங்ககிட்ட ஒரு அரசு ஊழியன் பொய் சொல்லலாமா? மூணாவதா, அந்தத் திரை! எவ்ளோ பெருசு! அதுக்குப் பின்னாடி உக்காந்தா எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது. திரை வர்றதுக்கு முன்னாடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வயசானவங்க, கைப்புள்ளக்காரிங்க எல்லாம் வந்து நிப்பாங்க. மொகத்தப் பாத்தா மனசு எளகிடும், கையெழுத்தப் போட்டுடுவேன். இப்ப பாக்கறதே இல்ல. சர்வீஸ் முடியப் போற காலத்துல எனக்கு நிம்மதி குடுத்தது அந்தத் திரைதான், நடுவர் அவர்களே!”

சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெர்லின் பக்கத்தில் மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர், “இன்னா சொல்றாரும்மா?” என்று கேட்டார். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. காது கூசியது.

குறை அணிக்கு இளநிலைப் பொறியாளர் அன்புச்செல்வன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

“எதிரணித் தலைவர் திரையைச் சொன்னாரு. ஒத்துக்கறேன், திரை தங்கம்! ஆனா அதுக்குப் பக்கத்துல ஒரு கருப்புப் பொட்டி இருக்குதே, அதப் பத்தி வாயத் தெறந்தாரா? கரண்டைக் குடிக்கறது யாரு? பொட்டி! சூடாவறது யாரு? பொட்டி! எலிக்குக் குடித்தனம் குடுத்தது யாரு? பொட்டி! இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். பெரிய குறை ஒண்ணு இருக்குது. அது எதையும் மறக்காது, நடுவர் அவர்களே!”

பொறியாளர் குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம பழைய கோப்பு இருக்குதே, அது தெய்வம். தொலையணும்னா தொலையும். நனையணும்னா நனையும். மேல இருந்து கேட்டா, தேடிக்கினு இருக்கோம்னு சொன்னா முடிஞ்சிது. பொட்டியில ஏத்திப் பாருங்க! எந்த மனு என்னிக்கி வந்துச்சி, யாரு டேபிள்ல எத்தினி நாளு தூங்குச்சின்னு தேதி போட்டு வெச்சிக்குது. நம்ம கரண்டக் குடிச்சிக்கினு நம்மளையே காட்டிக் குடுக்குது! இத வூட்டுக்குள்ள விடலாமா?”

“விடக் கூடாது!” என்று பின்வரிசையிலிருந்து மொத்த அலுவலகமும் கத்தியது. அவ்வளவு ஒற்றுமையை அந்த ஊரில் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

பிறகு ‘பயனாளியின் குரல்’ என்று மெர்லினைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகச் சொன்னாள். “நாலு வேணாங்க. ஒண்ணு போதுங்க. ஓடற மாதிரி ஒண்ணு. பிள்ளைங்க மாத்தி மாத்திக் கத்துக்குவாங்க. எக்ஸாமுக்கு முன்னாடி ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கணுங்க…”

“அடடா!” என்று நடுவர் குறுக்கே புகுந்தார். “கல்யாண மண்டபத்துல நின்னுக்கினு ஒண்ணு போதும்கறாங்க பாருங்க. இவங்க வீட்டுக்காரரு குடுத்து வெச்சவரு!” மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மெர்லினுக்குக் கொடுத்த நேரம் அந்தச் சிரிப்பிலேயே முடிந்துபோனது.

அரங்கநாதன் தீர்ப்புக்கு எழுந்தார். பட்டிமன்ற நடுவர் எந்த அணியையும் தோற்கடிக்க மாட்டார், அதுதான் அந்த மேடையின் மரபு. இரண்டு பக்கமும் பேசியவர்கள் நாளைக்கு ஒரே அலுவலகத்தில் ஒன்றாக டீ குடிக்க வேண்டுமே.

“இரு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்தேன். நிறை அணி சொன்ன நிறையெல்லாம் எங்கே இருக்குது? திரையில! குறை அணி சொன்ன குறையெல்லாம் எங்கே இருக்குது? பொட்டியில! ஆக ரெண்டு அணியும் உண்மையைத்தான் பேசியிருக்குது. எனவே தீர்ப்பு இதுதான்: நிறையை வாங்குவோம்! குறையை நீக்குவோம்!”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மெர்லினும் தட்டினாள். மேடைப் பேச்சில் ஏதோ அலங்காரமாகச் சொல்கிறார், எப்படியோ வாங்கப் போகிறார்கள் என்று அவள் சந்தோஷமாகப் பஸ் ஏறினாள்.

தை மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்து வாசலில் வேன் வந்து நின்றது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பாரதி அட்டைப்பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தாள். நான்கு அட்டைப்பெட்டிகள். பிரித்தால் நான்கு திரைகள், நான்கு விசைப்பலகைகள், நான்கு சுட்டிகள். மெர்லின் வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் பார்த்தாள். ஓட்டுநரைக் கேட்டாள். அவர் கையை விரித்தார்.

பின்னாலேயே காரில் அரங்கநாதன் வந்து இறங்கினார், திறப்பு விழாவுக்கு. கந்தசாமியும் அன்புச்செல்வனும் கூட வந்திருந்தார்கள். கணினி அறைக்கு ரிப்பன் கட்டி, தேங்காய் உடைத்து, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

“சார்” என்றாள் மெர்லின். “சிபியு வரலைங்களே. பொட்டிங்க, சார். அது இல்லாம ஒண்ணும் வேலை செய்யாதுங்க.”

“பொட்டியா?” அரங்கநாதனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது, இவ்வளவு நடந்தும் இந்தப் பெண்ணுக்குப் புரியவில்லையே என்று. “அதுதான் குறைன்னு அன்னிக்கே தீர்ப்பாச்சேம்மா. நீகூட கைதட்டினியே.”

“சார், பொட்டிக்குள்ளதாங்க கம்ப்யூட்டரே இருக்குது. இது வெறும் கண்ணாடி மாதிரிங்க.”

“பாத்தியா, உனக்கே தெரியுது. கரண்ட் செலவு இல்ல, சூடு இல்ல, எலி இல்ல. இடி இடிச்சாலும் கவலையில்ல. இந்தியாவுலயே மொதல் முறையா குறையே இல்லாத மேசைக் கணினி உன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்குது. சந்தோஷப்படும்மா.”

அவர் ஒரு விசையை அழுத்தினார். இருட்டுத் திரையில் அவருடைய முகம் தெரிந்தது. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். புகைப்படம் எடுத்தார்கள். மெர்லின் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள். “டீச்சரம்மா சந்தோஷத்துல அழுவறாங்க” என்று கந்தசாமி உள்ளே சொல்வது கேட்டது.

தன் கைக்காசில் ஒரு பழைய கணினியாவது வாங்கலாம் என்று தோன்றி, தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டாள். அவர் பதறிவிட்டார். குறை நீக்கிய அறைக்குள் குறையுள்ள பொருளைக் கொண்டு வந்தால் அலுவலகம் விளக்கம் கேட்கும் என்றார். பிள்ளைகளைச் சங்கராபுரத்து நெட் சென்டருக்குக் கூட்டிப் போகட்டுமா என்றாள். மலைப் பிள்ளைகளை மலையை விட்டு இறக்க அனுமதி வேண்டும், அனுமதி கொடுக்க வேண்டியவர் அரங்கநாதன், அவர் அதற்கும் ஒரு பட்டிமன்றம் வைப்பார் என்றார். அதற்குள் மாசி வந்துவிட்டது. விழா முடிந்ததும் பூட்டிய கணினி அறையைத் தேர்வன்றைக்குத்தான் மறுபடி திறந்தார்கள்.

தேர்வாளர் பழனி, கீழே ஏதோ பள்ளியில் ஆசிரியர். பஸ்ஸில் வாந்தி எடுத்து, முகம் வெளிறி வந்து சேர்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு அறைக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாங்க இது?”

மெர்லின் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணு, எல்லாருக்கும் முட்டை போடணும். இல்ல, கம்ப்யூட்டரே இல்லைன்னு எழுதி அனுப்பணும். எழுதினா உங்க ஆபீசர் என்னைய வுட மாட்டாரு. திறப்பு விழா போட்டோ பேப்பர்ல வந்துடுச்சே! நானும் புள்ளகுட்டிக்காரன்ங்க.”

“பிள்ளைங்க மேல தப்பு இல்லைங்க சார்.”

“யாரு மேலயும் தப்பு இல்லைங்க. அதான் கொடுமை” என்றார் பழனி. எழுந்தார். “வர சொல்லுங்க.”

முதலில் பாரதி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நோட்டில் வரைந்து பழகிய விசைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாள். நெற்றியில் வேர்வை. முதன்முதலாகத் தொடுகிறாள் அல்லவா, அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து தொட்டாள்.

“முடிச்சிட்டியாம்மா?”

“முடிச்சிட்டேன் சார்.”

“ஏதாவது தப்புன்னு வந்துச்சா?”

“ஒண்ணுமே வரல சார்.”

“தப்பு வரலைன்னா சரின்னு அர்த்தம். போம்மா. முப்பது.”

அன்றைக்கு எல்லோருக்கும் முப்பதுக்கு முப்பது. பழனி பேனாவை மெர்லினிடம் நீட்டினார். அவளும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள். போடாவிட்டால் பிள்ளைகள் தோற்பார்கள். போட்டாலோ இந்தக் கேவலத்தில் தானும் ஒருத்தி. மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போட்டாள். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள், அப்புறமும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

தேர்வு முடிவு வந்ததும் அலுவலகம் துள்ளிக் குதித்தது. கீழே, பெட்டியோடு கணினி வைத்திருந்த பள்ளிகளில் பிள்ளைகள் இருபதும் இருபத்திரண்டும் வாங்கியிருந்தார்கள். தட்டினால் திரை எரிந்தது, எரிந்ததால் தப்புத் தெரிந்தது, தெரிந்ததால் மதிப்பெண் குறைந்தது. மலைப் பள்ளி மட்டும் நூற்றுக்கு நூறு. அரங்கநாதன் ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்குப் பளிச்சென்று ஒரு உண்மை விளங்கியது. ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே அடுத்த பேனர் கட்டினார்கள்: ‘மாணவர் முன்னேற்றத்துக்குத் துணை நிற்பது கணினி இருப்பதே! இல்லாததே!’ தீர்ப்பைப் பொறுத்து, கீழே உள்ள பள்ளிகளிலும் பெட்டிகளைக் கழற்றி எடுத்துவிடுவதாக ஏற்பாடு. கழற்ற ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது.

‘இல்லாததே’ அணிக்குத் தலைமை மெர்லின். அவளை யாரும் கேட்கவில்லை. வேலை நீட்டிப்புக் காகிதம் கையெழுத்தாகாமல் அலுவலகத்திலேயே இருந்தது. “பேசிட்டு வாம்மா, அன்னிக்கே போட்டுத் தரேன்” என்று அரங்கநாதன் போனில் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது மெர்லின் முடிவு பண்ணிவிட்டாள். பேசுவதைப் பேசியே விடுவது. வேலை போனால் போகட்டும். திரையில் ஒன்றும் எரியவில்லை, மதிப்பெண் எல்லாம் பொய், கையெழுத்துப் போட்டவள் நான்தான், த்தூ என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். இனி அந்த அறையில் இன்னொரு பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது.

மண்டபம் நிரம்பியிருந்தது. கந்தசாமி முகமன் கூறினார். அன்புச்செல்வன் ‘இருப்பதே’ அணியில் பேருக்கு ஏதோ பேசி உட்கார்ந்தார். “நூற்றுக்கு நூறு தந்த மலைமகள்!” என்று நடுவர் கூப்பிட, மெர்லின் எழுந்து ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள்.

கையிலிருந்த போன் அடித்தது. பாரதி.

பாரதிக்கு அதே கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, கம்ப்யூட்டர் படிப்பே கிடைத்திருந்தது. அன்றைக்குத்தான் முதல் நாள். மெர்லின் யோசிக்காமல் எடுத்துவிட்டாள்.

“மிஸ்!” அழுகை. போனிலிருந்து கேட்டது ஒலிவாங்கிக்குள்ளும் போய் மண்டபம் முழுக்க ஒலித்தது. “லேப்ல உக்காந்துக்கினு இருக்கேன் மிஸ். இங்கயும் பொட்டி இல்ல மிஸ், நம்ம ஸ்கூல்ல மாதிரி திரை மட்டும்தான் இருக்குது. ஆனா எல்லாருக்கும் எரியுது மிஸ். எனக்கு மட்டும் எரியல. முப்பதுக்கு முப்பது வாங்கினவ, எல்லாருக்கும் செஞ்சி காட்டுன்னு மேடம் சொல்றாங்க. இன்னா மிஸ் பண்றது?”

மெர்லினுக்கு மண்டபம் மறந்துபோனது. “அழாத பாரதி. அது வேற மாதிரி கம்ப்யூட்டர். திரைக்குள்ளயே எல்லாம் இருக்கும். திரைக்கு அடியில வலது கைப்பக்கம் தடவிப் பாரு. ஒரு பட்டன் இருக்கும். அழுத்து.”

“அழுத்தினா உடைஞ்சிடாதா மிஸ்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆரம்பத்தில் ஒருவர், பிறகு வரிசை வரிசையாக. நடுவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். “ஆகா! ஆகா! இன்னா நடிப்பு! போன்ல ஒரு குரலை ஏற்பாடு பண்ணிக்கினு வந்து பேசற உத்தி என் வாழ்நாள்ல பாக்கல!”

“நாடகம் இல்லைங்க இது!” மெர்லின் கத்தினாள். “நிஜங்க! என் பிள்ளைங்க! நாம பண்ண அக்கிரமம்ங்க இது! வெக்கமா இல்ல உங்களுக்கு?”

கைதட்டல் இன்னும் கூடியது. கிழிகிற மாதிரி விசிலடித்தார்கள்.

“இங்க எல்லாரும் சிரிக்கறாங்க மிஸ்” என்றாள் பாரதி. அதற்குப் பிறகு அவள் சொன்னது மெர்லினின் காதில் விழவில்லை. போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, “போன வெக்காத பாரதி, நான் வரேன், அங்கயே இரு, இதோ வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே மேடைப் படியில் இறங்கினாள். யாரோ குறுக்கே வந்து பொன்னாடையைப் போர்த்தினார்கள். தோளைக் குலுக்கி அதைக் கீழே தள்ளிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

வெளிநடப்பும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்து, மொத்த மண்டபமும் எழுந்து நின்று கைதட்டியது.